கண்டுகொள்ளாமல் விடும் முறை

நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கூட்டாளி தன் பேத்தியின் படத்தைப் போட்டிருந்தார். பிள்ளையின் கையில் செல்போன், திரை நிறையத் தங்க நட்சத்திரம். சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் விழுமாம். தப்பான விடையைத் தொட்டால் ஒன்றுமே நடக்காதாம். அடியில்லை, திட்டில்லை, பிள்ளை தானாகவே சரியான விடைக்குப் பழகிவிடுமாம். கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டியிருந்தீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று ஒருத்தர் தனியாக வேறு விசாரித்தார். குழுவில் எழுதினால் நீளம் என்று முணுமுணுப்பீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என் சித்தி ஆசிரியப் பயிற்சியில் ஒரு தவணை தோற்றதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு. கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால்கூட யாராவது ஒருத்தர் அதை எடுத்துவிடுவார்கள். ஆமாம், நான்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இந்த வயதில் புதிதாக வருத்தப்படும் உத்தேசமும் இல்லை.

பனச்சமூட்டுச் சந்தையில் ஒரு பக்கம் நின்று தும்மினால் கேரளம், மறுபக்கம் நின்று தும்மினால் தமிழ்நாடு. எங்கள் வீடு கேரளத்துப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கும் மரச்சீனி விளைக்கும் (உங்கள் பேச்சில் மரவள்ளித் தோட்டம்) நடுவில் இருந்தது. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். நீளமான ஓட்டுக் கட்டிடம், உள்ளே சுவர் கிடையாது, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டி மட்டும். மலையாளம் படிக்கிற பிள்ளைகள் தட்டிக்கு அந்தப் பக்கம், தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளான நாங்கள் இந்தப் பக்கம். அவர்கள் வாய்ப்பாடு கத்துவதைக் கேட்டுக் கேட்டே மலையாளத்தில் பதினாறாம் வாய்ப்பாடுவரை எனக்குப் பாடம். அதற்கு எனக்கு யாரும் நட்சத்திரம் தரவில்லை. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன், இப்போதே சொல்கிறேன்: பிள்ளைகள் கூலி வாங்காமலும் படிக்கும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஓணம் விடுமுறை முடிந்த கையோடு, சித்தி எங்கள் வகுப்புக்கு வந்தாள். அம்மையின் கடைசித் தங்கை. ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள், பழக்கத்துக்காகச் சில வாரம் பாடம் எடுக்க எங்கள் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். பக்கம் என்று எங்கள் வீட்டிலேயே தங்கினாள். திருவனந்தபுரத்துப் பக்கம் பெண் ஆசிரியரையும் ‘சார்’ என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும். அதனால் சித்தி எங்களுக்கு டிரெயினிங் சார் ஆனாள். முதல் நாள் வாய் தவறி ‘சித்தீ’ என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் காதில் விழாத மாதிரி நின்றாள். சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொன்னாள்:

“பள்ளிக்கூடத்துல நான் சாராக்கும். சித்தி வீட்டுல மட்டும். கேட்டியா மக்கா?”

நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையை மரச்சீனி மாவுக் கஞ்சியில் முக்கி, அப்பாவின் ரப்பர் ஷீட்டுகளுக்குப் பக்கத்துக் கொடியில் காயப்போடுவாள். கஞ்சி மணமும் ஷீட்டின் நாற்றமும் கலந்து அந்தச் சேலையில் ஒரு வாடை இருக்கும். நான் அதை வைத்துத்தான் அவள் பக்கத்தில் வருவதைக் கண்டுபிடிப்பேன். அது விசித்திரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் மனிதர்களை வாடையாலும் குரலாலும் நடையாலும்தான் அடையாளம் காண்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

சித்தியைப் பற்றி நல்லதை முதலில் சொல்ல வேண்டும். அவள் பிரம்பைத் தொடவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் அடிவிழும் சத்தம் கேட்டால் எங்கள் உள்ளங்கை தானாக மூடும், அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் அது பெரிய காரியம். அவளுக்கு மனோதத்துவப் பாடத்தில் புதிதாக ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அடுக்களையில் அம்மையிடம் விளக்கியது எனக்கு நினைவிருக்கிறது. மணி அடித்தால் எச்சில் வடித்த நாயைப் பற்றிச் சொன்னாள். பிறகு புறா. கூண்டுக்குள்ளே ஒரு பொத்தான் இருக்கும், கொத்தினால் தானியம் விழும்.

“தானியம் விழாமப் போச்சுன்னா கொஞ்ச நாளுல கொத்துகத நிறுத்திரும், அக்கா. அடிக்காண்டாம், ஏசாண்டாம். கண்டுக்கிடாம விட்டாப் போரும்.”

“அந்தப் புறாவுக்கு வேற சோலி ஒண்ணும் இல்லியா?” என்றாள் அம்மை, மரச்சீனி நறுக்கிக்கொண்டே.

எங்கள் தானியம் நாரங்கா முட்டாய். ஆரஞ்சுச் சுளை வடிவில், மேலே சர்க்கரை தூவி, சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். சித்தி மேசைமேல் ஒரு கண்ணாடிப் பரணி நிறைய வைத்திருந்தாள். விடை சரியென்றால் ஒரு முட்டாய், கூடவே ஒரு சிரிப்பு. உடனே கொடுக்க வேண்டும், தாமதித்தால் பலனில்லை என்பது அந்த முறையின் சட்டம். நானும் நிறைய வாங்கினேன். பாட்டு, வாய்ப்பாடு, கதை, காதால் கேட்டது எதுவானாலும் முதல் கை என் கைதான். நாக்கு சிவந்து வீட்டுக்கு வருவேன். சர்க்கரை வியாதி மட்டும் இல்லையென்றால் இன்றைக்கும் ஒரு பரணியைக் காலிசெய்வேன்.

வம்பு கரும்பலகையில் இருந்து வந்தது. எங்கள் பழைய வகுப்பு சார் வயதானவர், சாக்பீஸ் தூளுக்கு இருமுவார் என்று பலகைப் பக்கமே போகமாட்டார். புத்தகத்தை உரக்க வாசிப்பார், நாங்கள் கேட்டு எழுதுவோம். சித்திக்கோ பலகையில் எழுதுவதற்கு என்றே தனி மார்க்கு உண்டு. முத்து முத்தாக, சின்னச் சின்னதாக, வரி கோணாமல் எழுதுவாள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதும். எனக்கு அது, யாரோ கறுப்புத் தரையில் அரிசிமாவைச் சிந்திவிட்டுப் பெருக்காமல் போன மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், மற்றவர்கள் எப்படியோ ஊகித்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் போதாது என்று நினைத்தேன். ஆகவே கேட்டேன்.

“சார், அங்க என்ன எழுதியிருக்கு?”

முதலில் சில நாள் சொன்னாள். பிறகு ஒரு சாயங்காலம் அம்மையிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, இவ பழைய சாருக்கிட்ட இப்பிடிக் கேட்டதே இல்லியாம். நான் விசாரிச்சேன். எனக்கிட்ட மட்டும் கேக்குதா. வாய்ப்பாடு தலைகீழா செல்லுத பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதா? நான் சித்தி ஆனதுனால கொஞ்சுகா. எல்லாரும் அவளப் பாக்கணும், அதாக்கும் அவளுக்க தானியம்.”

நான் வாசல் நடையில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மஷித்தண்டு என்கிற செடியைக் கிள்ளி நசுக்கினால் தண்ணீர் பீச்சும், அதைக் கொண்டுதான் துடைப்போம். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினார்கள்.

மறுநாள் என்னை முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுக்கு மாற்றினாள். முன்னால் இருப்பதே ஒரு பரிசு, அதை எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச மாவுச் சிதறலும் போய், பலகை வெறும் இருட்டுச் சதுரம் ஆனது. அதோடு வகுப்புக்கு ஒரு விதியும் சொன்னாள். நான் கேள்வி கேட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளுக்கு முட்டாய்.

இனி நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். தூரம் கூடியதால் அதிகமாகக் கேட்டேன். யாரும் பதில் சொல்லாததால் சத்தமாகக் கேட்டேன். சித்தி கவலைப்படவில்லை. சந்தோஷப்பட்டாள். அம்மையிடம் கண்ணை விரித்துச் சொன்னாள்:

“கூடத்தான் செய்யும். அதும் புத்தகத்துல உண்டு. நிக்கதுக்கு முந்தி ஒருக்க நல்லாக் கூடும். நாம எளகப்பிடாது, அவ்வளவுதான்.”

கவனித்தீர்களா, கூட்டாளிகளே? நான் கேட்பது குறைந்தால் முறை பலித்தது என்று அர்த்தம். கூடினால் முறை பலிக்கப்போகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு கஷ்டம் இருக்கலாம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. நானும் பின்னாளில் அதே பாடத்தைப் படித்தேன், அதே பரீட்சை எழுதினேன், முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றேன். அந்த முறை பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது வேலை செய்யும். சித்தியின் வகுப்பு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா! நான் கத்தினாலும் ஒரு தலை திரும்பாது. வேலை செய்கிறது என்பதுதான் எனக்குக் கோபம்.

வீட்டிலும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தாள். அம்மை முதலில் தயங்கினாள், பிறகு “படிச்ச பிள்ளை செல்லுதா” என்று ஒத்துக்கொண்டாள். எந்தக் கேள்வி பலகைக் கேள்வி, எந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொழுதில்லை. மொத்தமாக நிறுத்திவிட்டாள். “அம்மே, அப்பா எப்ப வரும்?” என்று கேட்டால் அகப்பையைப் பார்ப்பாள். “அம்மே, இந்தக் கட்டன்சாயா எனக்கா?” என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அடிக்கிறவள் நம்மைப் பார்த்துத்தானே அடிக்க வேண்டும்.

என் கேள்விகள் அணையாமல் போனதற்கு ஒருத்தி காரணம். காரோடு என்கிற ஊரிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்த மீன்காரியின் மகள். கடைசிப் பெஞ்சு அவளுடைய சொந்த இடம். விடியக்காலை தாயோடு மீன்கூடைக்குக் கைகொடுத்துவிட்டுத் தாமதமாக வருவாள், பாதி நேரம் தூங்குவாள். விழித்திருந்தால், மனமிருந்தால், எப்போதாவது ஒரு தடவை என் காதில் சொல்வாள்.

“மழைநீர்-ன்னு எழுதியிருக்கு. இனி வாயப் பொத்து.”

“உனக்க முட்டாய் போவுமே?”

“போவட்டு. எனக்குப் பல்லுவேதனை.”

சில நாள் அவளுக்குக் குறும்பு தோன்றும். ஒருநாள் முகத்தை மாற்றாமல், “அயிலைக் கறிக்குக் கொடம்புளி நல்லது-ன்னு எழுதியிருக்கு” என்றாள். சார் ஏன் இதை எழுதிப்போடுகிறார் என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அழகாக எழுதிவைத்தேன். சித்தி நோட்டைத் திருத்தும்போது அந்த வரியைப் பார்த்தாள். அதோடு அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. இது முழுக்க முழுக்க அடம் என்று முடிவுகட்டினாள்.

பிற்பாடு என் பயிற்சிக் காலத்தில் புறாவைப் பற்றி மீதிப் பாடத்தையும் படித்தேன். தானியம் ஒவ்வொரு தடவையும் விழுந்து, பிறகு அடியோடு நின்றால் புறா சீக்கிரம் நிறுத்திவிடும். எப்போதாவது மட்டும் விழுந்தால், எப்போது விழும் என்று தெரியாமலும் விழுந்தால், அது நிறுத்தவே நிறுத்தாதாம். வகுப்பில் அதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மீன்காரி மகளை நினைத்துச் சிரித்தேன். அவள் தூங்கித் தூங்கி விழித்ததுதான் என்னைக் காப்பாற்றியது.

ஆனால் அப்போது காரியம் சிரிப்பாக இல்லை. “எழுத்துவேலை ஒண்ணும் இல்ல, இவளை இந்த வருஷம் தோக்கப் போட்டாத்தான் சரியாவா” என்று சித்தி சொல்லத் தொடங்கியிருந்தாள். அதைக் கேட்ட அப்பா, “தோத்தா பின்ன எதுக்குப் பள்ளிக்கூடம்? எனக்க கூடச் சேந்து ஷீட்டு அடிக்க வரட்டு” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை பெய்யும் என்பது மாதிரிச் சொன்னார். அதனால்தான் பயந்தேன். ரப்பர் பால் உறையும் வாடை எனக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கம், வெறுப்பில்லை. ஆனால் எனக்குப் படிக்க வேண்டும். பயங்கரமாகப் படிக்க வேண்டும். இந்த ஆசையை யாரிடம் சொல்வது? சொன்னால் அகப்பையைப் பார்ப்பார்கள்.

சித்தியின் பாடத்தைச் சோதிக்க அவளுடைய பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு சார் வருகிற நாள் வந்தது. அன்று காலை அவள் என் தலையை வாரிவிட்டாள். வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள்.

“இன்னைக்கு ஒரு நாளு மக்கா. வாயத் தொறக்காத. எனக்க சர்ட்டிபிக்கேட்டாக்கும்.”

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்கும் அவள் ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மாதத்து மத்தியானம். இடி உருண்டு, வானம் மூடி, ஓட்டுக் கட்டிடத்துக்குள் சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. விளக்கு கிடையாது. சோதிக்க வந்த சார் சொட்டுகிற குடையோடு வந்து, சோதிக்க வருகிறவர்களின் வழக்கப்படி, கடைசிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மீன்காரி மகள் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் என் கதையும் சித்தியின் கதையும் வேறு மாதிரி போயிருக்கும்.

இலையின் பாகங்கள் பாடம். சித்தியின் குரல் அழகாக இருந்தது, நடுக்கமே இல்லை. பச்சைச் சாக்பீஸில் எதையோ வரைந்தாள், வெள்ளையில் ஏதேதோ எழுதினாள். பிள்ளைகள் கை தூக்கின, முட்டாய் வாங்கின. “இனி பலகையைப் பார்த்து வரைந்து, பேர் எழுதுங்கள்” என்றாள்.

“சார், அங்க என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

ஒரு தலை திரும்பவில்லை. பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், மெச்சுகிற மாதிரித் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். மறுபடி கேட்டேன், உரக்க. தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுபோனது. எங்கள் வகுப்பில் சிலேட்டுக் குச்சிகளின் கீச்சுச் சத்தம் மட்டும். சித்தி தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல ஆளில்லையென்றால் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தேன். மேசையைத் தாண்டி, பலகைக்கு நேரே போய், மூக்கு சாக்பீஸில் முட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்றேன். எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக முகத்தை நகர்த்தி நகர்த்தி, வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்தேன். இலைக்காம்பு. நடுநரம்பு. கிளைநரம்பு. இலைநுனி. ஒரு தப்பில்லாமல் வாசித்தேன்.

“எந்தா இது, குட்டீ?” என்று பின்னாலிருந்து சோதிக்க வந்த சார் சித்தியிடம் மலையாளத்தில் கேட்டார்.

அந்த முறைப்படி சித்தி என்னைக் கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர்ந்திருக்க வேண்டும். தொடர்ந்திருந்தால் நல்ல மார்க்கு விழுந்திருக்கும், சந்தேகமே இல்லை. அவள் என் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கில் பச்சையும் வெள்ளையுமாக ஒட்டியிருந்தது. பிறகு என் தோளைப் பிடித்து ஒரு அடி பின்னால் நிறுத்தினாள்.

“இங்கேருந்து தெரியுதா?”

“கொஞ்சம்.”

இன்னும் பின்னால். “இப்ப?”

“இல்ல.”

“கிளைநரம்பு தெரியுதா? இந்தப் பெரிய படமாவது தெரியுதா?”

“படம் உண்டா?” என்றேன்.

“குட்டீ, இதொந்நும் பிளானில் இல்லல்லோ” என்றார் அவர் சித்தியிடம், பாடத் திட்டத்தில் இது இல்லையே என்று, கொஞ்சம் கடுமையாக. சித்தி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னை முதல் பெஞ்சருகே நிறுத்தினாள், இரண்டாம் பெஞ்சருகே நிறுத்தினாள், தெரியுதா தெரியுதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் என்னை ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு. விடை தெரியாமல் ஒரு ஆசிரியர் என்னைக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குள் வகுப்பில் எல்லாத் தலைகளும் திரும்பிவிட்டன.

அவர் மணி அடிக்கும் முன்பே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தவணை சித்தி தோற்றாள். அடுத்த தவணை எழுதி ஜெயித்து, வேலைக்கும் போய், ஊர் மெச்ச ஓய்வும் பெற்றாள் என்பதைக் கல்யாணப் பந்தியில் யாரும் சொல்வதில்லை.

அன்று சித்தி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல், ஈரச் சேலையோடு, நேரே பனச்சமூட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாறசாலையில் ஒரு கண் டாக்டர் இருந்தார். பஸ் வரத் தாமதமானது. எனக்கு வாரக்கணக்கில் சேர்ந்திருந்த கேள்விகள். அந்தக் கடையில் என்ன எழுதியிருக்கு, அந்தச் சுவரில் என்ன ஒட்டியிருக்கு, தூரத்தில் வருவது ஆளா மாடா என்று ஒன்று விடாமல் கேட்டேன். அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

“கடைசிப் பெஞ்சுல இருந்து பாத்தா நான் எப்பிடி மக்கா இருப்பேன்?”

“சேலை தெரியும்.”

“முகம்?”

“முகம் தெரியாது.”

இத்தனை வாரமும் அவள் எனக்கென்று எவ்வளவு கஷ்டப்பட்டு முகத்தை இறுக்கி வைத்திருந்தாளோ, மற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு சிரித்தாளோ, எதுவும் என்வரை வந்து சேரவில்லை. அவள் சந்தைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் நாகரிகமாக வேறு எங்கோ பார்த்தார்கள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, முகத்தை என் பக்கம் திருப்பி, நன்றாகப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது.